மகிழங்கன்றுக்கு ஓர் இடம்

ஆகஸ்ட் 14, வியாழன்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பு போட்ட சூட்டோடு காய்ந்தது. வாசலைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தால் மறுபடி மணல். கூட்டுவதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பேராதனை. பூந்தோட்டம் பார்க்க.

கொண்டு போக: தொழுகைப் பாய். ஹா.வின் பிரஷர் குளிசை. குடை. இஞ்சி (நுஸ்ரத்துக்கு மலை வளைவில் வாந்தி வரும்). சொப்பிங் பேக் நிறைய. இடியப்பம் கட்ட வாழையிலை. இலைக்கும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

(ஹா. என்றால் ஹாஜியார். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகு இவருடைய பெயரை ஊர் மறந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியின் டயரியும் மறந்துவிட்டது.)

பயணம் மூத்தவள் பர்வீனின் யோசனை. கடைசி மகள் நுஸ்ரத்துக்கு அடுத்த மாதம் கலியாணம். அதற்கு முன் ஒரு தடவை எல்லோருமாக எங்காவது. எல்ல மலைக்குப் போவோம் என்றாள் நுஸ்ரத். நுவரெலியா என்றார் பர்வீனின் மாப்பிள்ளை நிஸ்தார். வேன் அவருடையது, ஆகவே குரலும் கொஞ்சம் பெரியது. நான் பேராதனை என்றேன்.

"அங்க மரந்தானே உம்மா இரிக்கி?"

"ஓம். மரந்தான்."

"நம்மட ஊர்ல இல்லாத மரமா?"

"நம்மட ஊர்ல எங்க மரம் இரிக்கி? ஒண்டக் காட்டு பாப்பம்."

நுஸ்ரத் வாயை மூடிக்கொண்டாள். டீச்சரான உம்மாவோடு வாயாடினால் இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை நொத்தாரிசிடம் போக வேண்டும். இந்த வீட்டை நுஸ்ரத் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுத. பெண் பிள்ளை பெற்றவர்கள் இந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான். மாப்பிள்ளை வந்து வீட்டுக்குள் ஏறுவார், நாம் சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். பர்வீனுக்கு ஒரு வீடு. கட்டாரில் இருக்கும் நடுவில் மகள் ஷிஃபானாவுக்கு ஒரு வீடு. இது கடைசி. இனிக் கட்டிக்கொடுக்க மகளும் இல்லை, கட்டக் காணியும் இல்லை. பின்பக்கம் எங்களுக்கென்று அறை ஒன்று போட்டாயிற்று, குளியலறையும் சேர்த்து. டைல்ஸ் என்ன நிறம் என்று ஹா. என்னைக் கேட்டுத்தான் பதித்தார். நல்ல அறை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நுஸ்ரத்தின் மாப்பிள்ளையின் உம்மா போன கிழமை சம்மாந்துறையிலிருந்து வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், கையில் ஒரு விசிறி. "கிணத்தடிப் பக்கத்த மட்டமாக்கிக் கல்லுப் பதிச்சா கார் நிப்பாட்டலாம் டீச்சர்" என்றார். மாப்பிள்ளையிடம் கார் இல்லை. வருமாம், இன்ஷா அல்லாஹ். நான் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய.

ஞாபகம்: கோழிக்காரனிடம் சொல்ல வேண்டும், ஞாயிறு வரவேண்டாம் என்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கண்டி. தங்குமிடம். காலை. ஜன்னலுக்கு வெளியே தூறல், ஆகஸ்ட் மாதத்தில் போர்வை! மற்றவர்கள் இன்னும் எழும்பவில்லை. நேற்றையதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

விடியச் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டது. அம்பாறை, மகாஓயா, மகியங்கனை. வளைவுகளில் இஞ்சி ஒன்றும் செய்யவில்லை. சொப்பிங் பேக்தான் உதவியது. நிஸ்தார் பாட்டை நிறுத்திவிட்டு ஸலவாத்து போட்டார்.

தோட்டத்து வாசலில் திருவிழாக் கூட்டம். பள்ளிக்கூட விடுமுறை. உள்ளே காலை வைத்ததும் அந்த வாசம். ஈர மண், அழுகிய இலை, எங்கோ ஒரு பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன்.

முதல் தடவை வந்தது உயர்தரம் படிக்கும்போது. வெள்ளை உடுப்பு, வெள்ளைப் பர்தா, எல்லாம் சேறு. எங்கள் தாவரவியல் சேர் ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்தி விஞ்ஞானப் பெயர் கேட்டார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சேர் எனக்கு மட்டும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். ஊர் போய்ச் சேரும்வரை ஒருத்தியும் என்னோடு கதைக்கவில்லை. அந்த ஐஸ்கிறீமின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, கோபித்தவர்களின் முகம்தான் மறந்துவிட்டது.

இரண்டாம் தடவை ஹா.வோடு. கலியாணம் முடித்த புதிது, பர்வீன் பிறக்கவில்லை. கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டையில் வந்தார். புல்வெளியில் குடை விரித்த மாதிரி நிற்கும் அந்தப் பெரிய ஆல் இன மரத்தின் கீழ் என்னை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். ஏதோ அன்பாகச் சொல்லப் போகிறார் என்று நானும் காத்து நின்றேன். "இத அறுத்தா எத்தின சோடிக் கதவு வரும்?" என்றார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த மனுசனிடம் கவிதை எதிர்பார்க்கக் கூடாது என்று.

நேற்றும் அதே மரம். அதே மனுசன், தாடி மட்டும் வெள்ளை. இந்தத் தடவை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "நெல்லடிக்க நல்ல களவெட்டி போடலாம் இதுக்குக் கீழ" என்றார். கொஞ்சம் முன்னேற்றம்தான். கதவிலிருந்து நிழலுக்கு வந்திருக்கிறார்.

வௌவால்கள் அப்படியே. மரம் நிறையக் கறுப்புத் துணி காயப்போட்டது போல. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை: "அப்பா, ஏன் எல்லாம் தலைகீழாத் தொங்குது?" தகப்பன்: "பள்ளிக்கூடம் லீவெல்லோ, அதான்." யாழ்ப்பாணத்து ஆட்கள் போலிருக்கிறது.

மூங்கில், கமுகுச் சாலை, தொங்குபாலம். நுஸ்ரத் எல்லாவற்றின் முன்னாலும் நின்று படம் எடுத்தாள், எதையும் பார்க்கவில்லை.

பெரிய மனிதர்கள் நட்ட மரங்களின் பகுதி. யாரோ ஒரு இளவரசர், யாரோ ஒரு ஜனாதிபதி, ஒவ்வொரு மரத்தடியிலும் பெயர்ப் பலகை. ஒரு பிடி மண் போட்டுக் கை கழுவிவிட்டுப் போனவர்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருப்பார்களா? ஒரு தரமாவது திரும்பி வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்களா? நான் நட்டதற்கெல்லாம் பலகை வைத்தால் கல்முனைக்குடியில் ஆசாரிக்கு வேலை முட்டிப் போகும். வைக்கவும் முடியாது. பலகை வைக்க மரம் நிற்க வேண்டுமே.

வெளியே வரும் வழியில் கன்று விற்கும் இடம். கறுப்புப் பைகளில் வரிசையாக. பெயர் பார்க்கவில்லை, இலையைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. ஓரம் நெளிந்த, எண்ணெய் பூசிய மாதிரி இலை. மகிழ.

என் உம்மா எனக்குத் தந்த வீடு கடற்கரைப் பக்கம். அதன் கேற்றடியில் ஒரு மகிழ மரம். சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் மணலெல்லாம் பூ. சின்னச் சின்ன நட்சத்திரம். பொறுக்கி உடுப்பு அலுமாரிக்குள் போட்டு வைப்பேன், காய்ந்து கருகினாலும் வாசம் போகாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், "டீச்சர், என்ன சென்ட்?" கடல் வந்த அன்று வீட்டோடு மரமும் போயிற்று. நாங்கள் ஹா.வின் உடன்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினோம். தெருவில் வீட்டுக்கு வீடு மௌத்து. வீட்டுக்காக அழுதேன், எல்லோரும் அழுதார்கள். மரத்துக்காக அழ வெட்கமாக இருந்தது. இதுவரை அழவே இல்லை.

விற்கிறவர், "மூணமல், மூணமல்" என்றார், சிங்களத்தில் மகிழம்பூ. நிஸ்தாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கதைத்துவிட்டுச் சொன்னார்: "மாமி, மெதுவாத்தான் வளருமாம். பூக்க ஏழெட்டு வருசம் பிடிக்குமாம்."

"பிடிக்கட்டும். எனக்கென்ன அவசரம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கன்றை நானே தூக்கிக்கொண்டேன், யாரிடமும் கொடுக்கவில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு ஹா. கேட்டார், சாதாரணமாகத்தான்: "எங்க நடப் போறாய்?"

கன்றின் பை மண்ணை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தேன். பர்வீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நுஸ்ரத் போனைப் பார்த்தாள். நிஸ்தார் ஹோர்ன் அடித்தார், முன்னால் ஒரு வாகனமும் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீடு. மறுபடி கச்சான். கன்றின் இரண்டு இலை வாடிவிட்டது. மலைநாட்டிலிருந்து வந்ததற்கு அதிர்ச்சி. நிழலில் வைத்து ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறேன்.

காலையில் பர்வீன் வீட்டுக்குப் போனேன். கன்றைக் கொண்டு போகவில்லை, இடம் மட்டும் பார்க்க. கேற்றிலிருந்து பின் மதில்வரை கல் பதித்திருக்கிறார்கள். நாலு வருடமாக அப்படித்தான், நானும் போய் வருகிறவள்தான். ஆனால் இன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். ஒரு கை அகல மண் இல்லை. அந்த வளவில் நான் வைத்தவை: தோடை, மாதுளை, கொய்யா, மதிலோரம் அடுக்கு மல்லிகை. வெட்டும் முன் நிஸ்தார் கேட்கத்தான் செய்தார். "மாமி, இல கொட்டுது." இலை கொட்டாத மரத்தை எனக்கும் ஒருநாள் காட்டுங்கள் மருமகன் என்று தொண்டைவரை வந்தது. மகளுக்குக் கொடுத்த வீடு. விழுங்கிவிட்டேன்.

"பூச்சாடில வைங்களன் உம்மா" என்றாள் பர்வீன். "மொட்ட மாடில வெச்சா வடிவா இரிக்கும்."

மகிழ மரத்தைப் பூச்சாடியில்! விஞ்ஞான டீச்சரின் மகள்.

மத்தியானம் ஷிஃபானாவின் வீடியோ கோல். அவளுடைய வீடு வாடகைக்கு. "வைங்க உம்மா, தாராளமா வைங்க" என்றாள், எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு நினைவு வந்தது அவளுக்கு. "பின்னுக்கு இப்ப அவங்க கொட்டில் அடிச்சி ஆடு கட்டிரிக்காங்க என்ன?" ஆட்டுக்கு மகிழ இலை பிடிக்குமா என்று நான் பாடம் நடத்தவில்லை.

ஹா. நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். "வயல்ல நடுவம். காவல் வாடிக்குப் பக்கத்தில. வாய்க்கால் தண்ணி இரிக்கி, நான் பாத்துக்கிறன்."

"பாக்கிறதுக்கில்ல. மணக்கிறதுக்கு. நான் என்ன வாடியிலயா படுக்கப் போறன்?"

எழுந்து தொழப் பள்ளிக்குப் போனார். பாவம். அவரும் என்ன செய்வார், அவர் பேரிலும் வீடு ஒன்றும் இல்லை. அவர் வாழ்ந்ததெல்லாம் என் வீடு, என் மகள்மாரின் வீடு.

மூன்று வீடு கட்டி மூன்று வளவில் தோட்டம் போட்டவளுக்கு ஒரு குழி தோண்ட இடமில்லை. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எழுதாமல் நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

பின்னேரம் அஸருக்குப் பிறகு நுஸ்ரத் கன்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "கிணத்தடில வைங்க உம்மா. கொஞ்ச நாளைக்கு."

கொஞ்ச நாளைக்கு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல் பதிக்கும்வரை என்ற அர்த்தம்.

பல்லி மிட்டாய் வாங்கியது எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நொத்தாரிசிடம் போய் வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்து கோணல்.

நொத்தாரிசு என்னிடம் படித்தவள். இன்றைக்கும் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், மேசை நிறைய ஆட்கள் இருந்தும். ஹா., நுஸ்ரத், சாட்சிக்கு நிஸ்தார், நான். காற்றாடி கிறீச் கிறீச். நன்கொடை உறுதியை வாசித்தாள். வடக்கே, தெற்கே, கிழக்கே எல்லைகள். அதில் உள்ள கட்டடம், கிணறு, பயிர்பச்சை உட்பட.

பயிர்பச்சை! எல்லா உறுதியிலும் வருகிற சொல்தான். ஆனால் கேட்டதும் ஈரச் சாக்குக்குள் நிற்கிற கன்று நினைவுக்கு வந்தது.

"சீவிய உரித்து வெக்கிறீங்களா டீச்சர்? அதாவது உங்கட உயிர் உள்ள மட்டும் அனுபவிக்கிற உரிம."

பர்வீனின் உறுதிக்கும் கேட்டார்கள், ஷிஃபானாவின் உறுதிக்கும் கேட்டார்கள். இரண்டு தரமும் தலையை நிமிர்த்தி வேண்டாம் என்றவள் நான். கொடுத்தால் கொடுத்ததுதான், பிடித்துக்கொண்டு கொடுப்பது என்ன கொடை? நம் பக்கத்தில் அப்படி வைத்தால் ஒரு கதை வரும். மகளை நம்பவில்லை, மருமகனை நம்பவில்லை, சீதனத்தில் கையை வைத்துக்கொண்டாள் என்று.

ஹா. எனக்கு முந்திச் சொன்னார்: "இல்ல, இல்ல. முழுசா."

நான் சொன்னேன்: "கிணத்தடிக்கு மட்டும் வை புள்ள."

நிஸ்தார் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"பர்வீன்ட உம்மா!" என்றார் ஹா. அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டு எத்தனையோ காலம்.

"கிணத்தில இருந்து மதில் மட்டும். வீடு முழுக்க அவளுக்கு. அந்தத் துண்டு நான் மௌத்தாகும் மட்டும் எனக்கு."

நுஸ்ரத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அவங்கட்ட நான் என்னண்டு செல்லுற உம்மா? அங்கதானே கார்…"

"உம்மாக்கு ஒரு மரம் வெக்க எடம் வேணுமாம் எண்டு செல்லு."

நொத்தாரிசு பிள்ளை யாரையும் பார்க்காமல் அந்த வரியைச் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வேனில் ஏற நிஸ்தார் கதவைத் திறந்துவிட்டார், எப்போதும் போல மரியாதையாக. வழி நெடுக நுஸ்ரத் போனைத் தடவிக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

நுஸ்ரத் காலை சாப்பிடவில்லை. கண் வீங்கியிருக்கிறது. பர்வீன் போனில் ஒரு பாட்டம்: "ஒரு சாண் மண்ணுக்காகவா உம்மா? கலியாணம் முடிஞ்ச மறுகா கேட்டா அவள் தரமாட்டாளா?"

தருவாள். தெரியும். கேட்டு வாங்குவதுதான் எனக்கு முடியவில்லை. நான் கட்டிய வளவில், நான் பெற்றவளிடம், இங்கே ஒரு குழி தோண்டட்டுமா என்று. அதை எப்படி பர்வீனுக்குச் சொல்ல? சொல்லவில்லை. அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், தெரிந்துகொள்வாள்.

பத்து மணிக்குச் செய்தி வந்தது. மாப்பிள்ளை நுஸ்ரத்துக்குச் சொன்னது: "நாளைக்கு உம்மா வாறாவாம். டீச்சரோட கதைக்கணுமாம்." வேறு விவரம் இல்லை.

நம் தெருவிலேயே ஒரு கலியாணம், குசினி எந்தப் பக்கம் என்ற கதையில் நின்று போனது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. என்னால் என் பிள்ளைக்கு அப்படி ஒன்று வந்தால்? யா அல்லாஹ். ஒரு மரத்துக்காக. இன்றைக்கு உறுதியை மாற்றி எழுத முடியுமா என்று ஒருதரம் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கோபமா, பிடிவாதமா, தெரியாது. நாலு கொத்துக்கு மேல் இடுப்பு விடவில்லை. ஹா. அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தார். என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். நேற்றிலிருந்து கதைக்காத மனுசன் இன்னும் கதைக்கவில்லை. முழங்கால் ஆழம் தோண்டினார், வரம்பு வெட்டுகிற அதே சீரில், ஓரம் நறுக்கினாற்போல். முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டுப் புழுக்க போடணும் அடியில. ஷிஃபானா ஊட்டுல கிடக்கு."

சிரித்துவிட்டேன். அவரும். சிரித்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்தப் பழைய மரத்துக்கும் சேர்த்து. அவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

கன்றை நடவில்லை. நாளைக்கு அந்த மனுசி வந்து போகட்டும். கலியாணம் நிற்கும் என்று வந்தால் குழியை மூடிவிடுவேன். எழுதி வைக்கிறேன்: மூடிவிடுவேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மப்பு வானம். காற்று விழுந்துவிட்டது. வட்டிலப்பம் அவித்தேன், முட்டை கூடப் போட்டு. மேசை விரிப்பு மாற்றினேன். நுஸ்ரத் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

மத்தியான லுஹருக்கு முன் மாப்பிள்ளையின் உம்மா வந்தார். ஆட்டோவில், தனியாக. கலியாணக் கதை கதைக்க வருகிறவர்கள் தனியாக வருவதில்லை, ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஸலாம் சொன்னார். இருங்க ராத்தா என்றேன். இருக்கவில்லை. தேயிலை வேண்டாம் என்றார்.

"எங்க டீச்சர், அந்த எடம்?"

கூட்டிப் போனேன். விசிறியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார்.

"இதென்ன கண்டு?"

"மகிழ, ராத்தா."

"பூக்க நாளெடுக்குமே."

"ஓம். ஏழெட்டு வருசம்."

குனிய முடியாத உடம்பு. கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி மெல்லக் குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் தடவினார்.

"எனக்கு நாலு பொம்புளப் புள்ளயள் டீச்சர். நாலு பேருக்கும் ஊடு குடுத்திட்டன். இப்ப சின்னவட ஊட்டுல இரிக்கன். நல்லாத்தான் வெச்சிரிக்காள், குற செல்லப்படா." கொஞ்சம் நிறுத்தினார். "போன மாசம் ஒரு கருவேப்பிலக் கண்டு வெச்சன். கேக்காம வெச்சிட்டன் போல. மறுநாள் பாக்கக்குள்ள அதுல வாஷிங் மெசின் நிக்கிது."

நானும் கிணற்றுக் கட்டில் சாய்ந்தேன். உள்ளே கதவு திறக்கிற சத்தம், நுஸ்ரத் ஜன்னலடிக்கு வந்திருக்க வேண்டும்.

அவர் கிணற்றிலிருந்து மதில்வரை காலால் அளந்து நடந்தார். மதிலடியில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறினார். அந்தப் பெரிய குரல் இல்லை இப்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"டீச்சர், இதுல இன்னொரு குழி விழுமா?"

மண்வெட்டி எங்கே என்று ஹா.வைக் கூப்பிட்டேன்.